தொட்டித் தண்ணீரில் பிரஷர் வாஷர்: காலையில் நன்றாக அடிக்கிறது, மதியம் திக்குகிறது

கட்டுத்தரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பல்லடம் பக்கம் தோட்டத்தில் பத்து கறவை மாடு வைத்திருக்கிறேன். கட்டுத்தரை கழுவ நான்கு மாதம் முன்பு ஒரு பிரஷர் வாஷர் வாங்கினேன். 1800 வாட், 130 பார் அழுத்தம், நிமிடத்துக்கு 7 லிட்டர் என்று லேபிளில் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் குழாய் இணைப்பு கிடையாது. போர் தண்ணீரை 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் ஏற்றி வைத்து அதிலிருந்துதான் மாட்டுக்கும் மெஷினுக்கும் எடுக்கிறேன். தொட்டி மூன்றடி செங்கல் மேடைமேல் இருக்கிறது. அங்கிருந்து கட்டுத்தரைக்கு 25 மீட்டர். செடிக்குத் தண்ணீர் விடும் பச்சை அரை இன்ச் ஹோஸைத்தான் இழுத்து மாட்டியிருக்கிறேன்.

காலை ஐந்தரைக்குக் கறவை முடிந்து கழுவினால் ஓரளவு சமாளிக்கிறது. மதியம் இரண்டு மணிக்குப் போட்டால் ஒரு நிமிடம் நன்றாக அடிக்கும். அப்புறம் கன் கையில் உதறும், பீச்சு திடீரென்று தளரும், மறுபடி பாயும். மெஷினுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். சர்வீஸ் ஆளிடம் காட்டினேன். சீல் கிட் (பம்புக்குள் தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) போய்விட்டது, மாற்ற வேண்டும், மதியம் மோட்டார் சூடாவதால் அதிகமாகத் தெரிகிறது என்றார். நாலே மாதத்தில் சீல் போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சாணி காய்ந்துவிட்டால் மண்வெட்டி போட்டுத்தான் சுரண்ட வேண்டியிருக்கிறது.

பைபாஸ் ரோடு

நாமக்கல்லில் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் போடுகிறேன். பீச்சு ஏறி இறங்கினால் எங்கள் பக்கம் முதலில் பார்ப்பது சீலும் வால்வும்தான். இன்னொன்று, தோட்டத்து லைனில் மதியம் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது? 180க்குக் கீழே இறங்கினால் மோட்டார் முக்கும். ஒரு மீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் நாசிலில் மண் அடைத்திருக்கும், ஊசியால் குத்தி எடுங்கள்.

நீர்ப்பாய்ச்சி

தம்பி, சீல் கிட்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் மூன்று காரியம் செய்யுங்கள். கோவையில் இருபது வருடத்துக்கு மேல் பம்ப் பிரித்து மாட்டியவன் சொல்கிறேன்.

மெஷினுக்குப் போகிற ஹோஸ் முனையைக் கழற்றி, மெஷின் உள்வாய் இருக்கும் அதே உயரத்தில் பிடித்து ஒரு பக்கெட்டை நிரப்புங்கள். எத்தனை நொடி ஆகிறது என்று போனில் பாருங்கள். தொட்டி பாதியாக இருக்கும்போது செய்யுங்கள், நிறைந்திருக்கும்போது வேண்டாம்.

அப்புறம் மதியம் அது திக்கும்போது மெஷினைப் பார்க்காதீர்கள். ஒருவரைக் கன் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஹோஸ் கூடவே தொட்டிவரை நடந்து போய், வழியில் அங்கங்கே விரலால் அழுத்திப் பாருங்கள்.

மூன்றாவது, மெஷின் உள்வாயில் ஹோஸ் சேரும் இடத்தில் சொட்டு இருக்கிறதா? இருந்தால், மெஷின் நிற்கும்போது எப்படி, ஓடும்போது எப்படி என்று இரண்டையும் எழுதுங்கள்.

கட்டுத்தரை

அண்ணா, மூன்றையும் செய்தேன்.

15 லிட்டர் பக்கெட். நிரம்ப 4 நிமிடம் 10 நொடி.

மதியம் மகனிடம் கன்னைக் கொடுத்துவிட்டு ஹோஸோடு நடந்தேன். களத்துமேட்டில் வெயில் படுகிற பத்து மீட்டர் ஹோஸ் வேகவைத்த மாதிரி தொளதொளவென்று இருந்தது. அவன் ட்ரிகரை அழுத்தினதும் அந்த இடம் என் கண் முன்னாலேயே சப்பட்டையாகிவிட்டது. விட்டதும் மெதுவாக உருண்டது. காலையில் இதே இடத்தைப் பார்த்தேன், கொஞ்சம் அமுங்குகிறது, அவ்வளவுதான்.

சொட்டு இருக்கிறது. மெஷின் நிற்கும்போது நாலைந்து நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது. ஓட்டினால் சொட்டு நின்றுவிடுகிறது. ஓடும்போது நிற்கிறதே, அது நல்லதுதானே என்று இதுவரை விட்டுவிட்டேன்.

வோல்டேஜும் பார்த்தேன். மதியம் 215 காட்டியது.

நீர்ப்பாய்ச்சி

கிடைத்துவிட்டது தம்பி. உங்கள் மெஷினில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது தண்ணீருக்குத் தவிக்கிறது.

15 லிட்டருக்கு 250 நொடி என்றால் நிமிடத்துக்கு 3.6 லிட்டர். மெஷின் கேட்பது 7. பாதிதான் கொடுக்கிறீர்கள். இந்தப் பம்ப் தள்ளுவதற்குச் செய்தது, உறிஞ்சுவதற்குச் செய்ததில்லை. உள்ளே சின்ன பிஸ்டன்கள் நொடிக்குப் பல தடவை போய்வருகின்றன. ஒவ்வொரு தடவை பின்னால் வரும்போதும் தண்ணீர் தயாராக வாசலில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது. அழுத்தம் விழுந்தால் தண்ணீரில் கரைந்திருக்கிற காற்று குமிழாக வெளியே வரும். இன்னும் விழுந்தால் தண்ணீரே சூடாகாமல் கொதித்து ஆவியாகும். அடுத்த தள்ளலில் அந்தக் குமிழெல்லாம் படார் படாரென்று உடையும். நீங்கள் கேட்ட கூழாங்கல் சத்தம் அதுதான். இதைக் கேவிட்டேஷன் என்பார்கள். இப்படியே பல மாதம் ஓடின பம்பைப் பிரித்தால் வால்வு முகத்தில் கரையான் அரித்த மாதிரி குழி குழியாக இருக்கும். நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மதியப் பிரச்சினைக்குக் காரணம் மோட்டார் சூடு இல்லை. செடி ஹோஸ் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. வெளியிலிருந்து காற்று அமுக்கினால் அதற்குத் தாங்கும் சக்தி கிடையாது. காலையில் குளிர்ச்சியில் விறைப்பாக இருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. வெயிலில் இளகினதும் பம்ப் உறிஞ்சுகிற உறிஞ்சலில் சப்பட்டையாகிவிடுகிறது. சப்பட்டையானால் வரத்து இன்னும் குறையும், குறைந்தால் உறிஞ்சல் இன்னும் கூடும்.

சொட்டைப் பற்றி நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ஓடும்போது சொட்டு நிற்பது நல்ல அறிகுறி இல்லை. நிற்கும்போது தண்ணீர் வெளியே வருகிற அதே இடுக்கு வழியாக, ஓடும்போது காற்று உள்ளே போகிறது. தண்ணீர் சொட்டுவது கண்ணுக்குத் தெரியும், காற்று நுழைவது தெரியாது. சந்தேகமிருந்தால் ஓடும்போது சோப்பு நுரையை அந்த மூட்டின்மேல் அப்பிப் பாருங்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கணக்குப்புள்ளி

பக்கெட் கணக்கு ஹோஸ் கணக்கோடு பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்தேன். பொருந்துகிறது.

தொட்டி மேடை 3 அடி, அதாவது 0.9 மீட்டர். பாதித் தொட்டித் தண்ணீர் இன்னொரு 0.6. மெஷின் உள்வாய் தரையிலிருந்து 0.3 மேலே என்று வைத்தால், மிச்சம் 1.2 மீட்டர் உயரம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. ஆக உங்களிடம் இருப்பது 0.12 பார்.

நிமிடத்துக்கு 7 லிட்டர், 25 மீட்டர் நீள அரை இன்ச் ஹோஸில் போக உராய்வுக்கு மட்டும் ஏறத்தாழ 2.8 மீட்டர் உயரம் வேண்டும். டேப், நிப்பிள், கனெக்டர் எல்லாம் சேர்த்தால் மூன்றைத் தாண்டும். இருப்பது 1.2. மீதியைப் பம்ப் தானே உறிஞ்சி எடுக்கப் பார்க்கிறது. கிட்டத்தட்ட 2 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து இழுப்பதற்குச் சமம். தொட்டி மேடைமேல் இருந்தாலும் மெஷினுக்கு அது கிணறுதான்.

அதே 7 லிட்டர், அதே 25 மீட்டர், முக்கால் இன்ச் குழாயில் போனால் அரை மீட்டர் போதும். ஒரு இன்ச் குழாயில் பத்து சென்டிமீட்டர். விட்டம் ஒன்றரை மடங்கானால் உராய்வு ஏழெட்டு மடங்கு குறைகிறது.

பைபாஸ் ரோடு

நீர்ப்பாய்ச்சி அண்ணா சொன்னதைப் படித்ததும் என் கடையையே திரும்பிப் பார்த்தேன். எங்கள் பம்ப் மூன்று எச்.பி., பெல்ட் போட்டது. சிமெண்ட் தொட்டியை ஒட்டி வைத்து, ஒன்றேகால் இன்ச் கம்பிச் சுருள் வைத்த சக்‌ஷன் ஹோஸ் ஒன்றரை மீட்டர்தான் போட்டிருக்கிறோம். அதனால்தான் எனக்கு இந்தத் தொல்லை வந்ததே இல்லை, நான் நேரே சீலைச் சொல்லிவிட்டேன். கட்டுத்தரை அண்ணா, சீல் கிட் வாங்கியிருந்தால் மன்னிக்கவும்.

நான் பட்ட அனுபவம் ஒன்று சொல்கிறேன். போர் தண்ணீர் என்றால் மணல் வரும். தொட்டி அடியில் வண்டல் இரண்டு விரல் கனம் தங்கும். வெளியேறும் வாய் தொட்டியின் அடியை ஒட்டி இருந்தால் தண்ணீர் குறையும்போது அந்த வண்டலும் சேர்ந்து இறங்கும். பம்புக்கு மணல் போவது உப்புத்தாளால் பிஸ்டனைத் தேய்ப்பது மாதிரி. வாயை அடியிலிருந்து மூன்று நான்கு இன்ச் மேலே வையுங்கள். மெஷினுக்கு முன்னால் ஒரு வலை ஃபில்டர் போடுங்கள், ஒளி ஊடுருவுகிற மூடி வைத்தது. அடைப்பு விழுந்தால் நின்ற இடத்திலிருந்தே தெரியும். நாங்கள் தினம் கடை திறந்ததும் அதைத்தான் முதலில் கழுவுவோம். ஃபில்டர் அடைத்தாலும் நீங்கள் பார்த்த அதே உதறல்தான் வரும்.

ஆனால் சின்ன ஃபில்டர் வேண்டாம். மெஷின் உள்வாயிலேயே ஒரு குட்டி வலை இருக்கும், அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். அதைத் தொடாதீர்கள்.

மொட்டை மாடி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சென்னையில் இருக்கிறேன். மாடியில் பாசி கழுவ வீட்டு உபயோக மெஷின் வைத்திருக்கிறேன். மாடித் தொட்டியிலிருந்து ஐந்து மீட்டர் ஹோஸ், பிரச்சினை இல்லை. இப்போது கீழே கார் நிறுத்தும் இடத்தையும் கழுவ வேண்டும். கீழே சம்ப் (தரையடித் தொட்டி) இருக்கிறது, தண்ணீர் மட்டம் தரைக்கு ஆறடி கீழே. சம்புக்குள் ஹோஸை விட்டு நேரே உறிஞ்ச வைக்கலாமா? மெஷின் அட்டையில் "தொட்டியிலிருந்து தானே உறிஞ்சும்" என்று போட்டிருக்கிறது.

நீர்ப்பாய்ச்சி

அம்மா, அட்டையில் போட்டிருப்பது பொய் இல்லை, ஆனால் எவ்வளவு உயரத்துக்கு என்று கையேட்டில் பாருங்கள். இந்த ரக மெஷின்களில் அரை மீட்டர் என்றுதான் பொதுவாக இருக்கும். பக்கத்தில் வைத்த டிரம்மிலிருந்து எடுக்கும், ஆறடி ஆழத்திலிருந்து எடுக்காது. எடுத்தாலும் நான் மேலே சொன்ன குமிழ்ச் சண்டை உள்ளே நடக்கும்.

உங்களுக்கு இரண்டு வழி. மாடித் தொட்டியிலிருந்து கீழே வரும் குழாயில் ஒரு டேப் இருந்தால் அதுவே போதும். ஒரு மாடி வீடானாலும் நாலைந்து மீட்டர் உயரம் கிடைக்கும், அதாவது அரை பார். பக்கெட் வைத்து அளந்துகொள்ளுங்கள், மெஷின் கேட்பதைப்போல் ஒன்றரை மடங்காவது வர வேண்டும். டேப் இல்லையென்றால் சம்ப் மோட்டாரால் 200 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பி, அதை இரண்டு வரிசை ஹாலோ பிளாக் மேல் தூக்கி வைத்து, அடியில் முக்கால் இன்ச் நிப்பிள் போட்டு எடுங்கள்.

சிலர் அரை எச்.பி. மோனோபிளாக் பம்ப் செட்டை நேரே வாஷரோடு இணைக்கிறார்கள். செய்யலாம், ஆனால் நீங்கள் கன்னை விட்டதும் வாஷர் தண்ணீர் வாங்காது, பின்னாலிருக்கும் மோட்டார் மூடின குழாயில் சுழன்றுகொண்டே சூடாகும். அப்படி இணைத்தால் ஒரு 'டீ' (மூன்று வாய் இணைப்பு) போட்டு, மிச்சத் தண்ணீர் தொட்டிக்கே திரும்பிப்போக வழி வைக்க வேண்டும்.

மொட்டை மாடி

நன்றி ஐயா. டேப் இருக்கிறது, தோட்ட மூலையில். இத்தனை நாள் அதை யோசிக்கவே இல்லை. 20 லிட்டர் வாட்டர் கேன் நிரம்ப ஒன்றேமுக்கால் நிமிடம். மெஷினுக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் போதும் என்று இருக்கிறது. சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீர்ப்பாய்ச்சி

தாராளம். பதினொன்றுக்கு மேல் வருகிறது. பிளக்கை எர்த் உள்ள பாயிண்டில், ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போட்ட லைனில் மட்டும் செருகுங்கள். ஈரத் தரையில் நின்று வேலை செய்கிறீர்கள்.

கட்டுத்தரை

எனக்கு இரண்டு யோசனை. மேடையைப் பத்தடிக்கு உயர்த்தினால் இருக்கிற ஹோஸே போதுமா? இல்லை குழாயை மாற்றுவதா? கொத்தனார் மேடையைத்தான் சொல்கிறார்.

கணக்குப்புள்ளி

பத்தடி என்றால் இப்போதைவிட 2.1 மீட்டர் கூடும். மொத்தம் 3.3. உங்கள் ஹோஸுக்கு வேண்டியதும் ஏறத்தாழ அதேதான். தொட்டி பாதிக்குக் கீழே இறங்கினதும் மறுபடி தட்டுப்பாடு தொடங்கும். அதோடு 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அதைப் பத்தடி உயரத்தில் நிறுத்தக் கான்கிரீட் தூண் வேண்டும், வெறும் செங்கல் போதாது. குழாயை ஒரு இன்ச்சாக மாற்றினால் தொட்டி தரையோடு வற்றும்வரை மெஷினுக்குக் குறை வராது. 7 லிட்டர் வீதம் இடைவிடாமல் அடித்தாலும் 1000 லிட்டர் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் வரும்.

பைபாஸ் ரோடு

குழாய்தான் அண்ணா. இன்னொரு முக்கியமான விஷயம், அதே தொட்டியில் மாடு தண்ணீர் குடிக்கிறது என்றீர்கள். வாஷரில் சோப்போ கிருமிநாசினியோ போட்டு அடித்தால், தொட்டி காலியாகும் நேரத்தில் அந்தத் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் ஏறிப்போக வாய்ப்பு உண்டு. தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போடுங்கள். ஸ்பிரிங் வைத்தது வேண்டாம், உங்களிடம் இருக்கிற சின்ன அழுத்தத்தில் பாதியை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். உள்ளே தட்டு ஊஞ்சல் மாதிரி ஆடித் திறக்கிற வகையை வாங்குங்கள்.

நீர்ப்பாய்ச்சி

இதை நானே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். முடிந்தால் மாட்டுக்குத் தனிக் குழாய், மெஷினுக்குத் தனிக் குழாய் என்று தொட்டியிலிருந்தே பிரித்துவிடுங்கள் தம்பி. தொட்டி மூடியையும் பாருங்கள். பல்லி விழக்கூடாது என்று பாலிதீன் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தால் காற்று நுழைய வழியிருக்காது, தண்ணீர் இறங்கும்போது தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகும். மூடியில் சின்ன ஓட்டை போட்டு அதன்மேல் கொசுவலை கட்டுங்கள்.

கட்டுத்தரை

பாலிதீன்தான் கட்டியிருந்தேன் அண்ணா. அவிழ்த்துவிட்டேன்.

(ஒன்பது நாள் கழித்து)

வேலை முடிந்தது, விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

தொட்டியில் அடியிலிருந்து நான்கு இன்ச் மேலே புது ஓட்டை போட்டு ஒரு இன்ச் டேங்க் நிப்பிள், பால் வால்வு. அங்கிருந்து ஒரு இன்ச் பி.வி.சி. குழாய், ஒரு முழம் ஆழத்தில் புதைத்துக் கட்டுத்தரைச் சுவர் வரை. வெயில் படாது, மாட்டுக் காலிலும் மாட்டாது. வளைவு வருகிற இரண்டு இடத்தில் எல்போவுக்குப் பதில் நீள வளைவு போட்டேன். சுவரில் வலை ஃபில்டர், ஊஞ்சல் தட்டு வால்வு, அப்புறம் ஒரு வால்வு. கடைசி இரண்டு மீட்டருக்கு மட்டும் கம்பிச் சுருள் வைத்த முக்கால் இன்ச் ஹோஸ். இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினேன்.

பக்கெட்: 15 லிட்டர், 45 நொடி. நிமிடத்துக்கு 20 லிட்டர்.

முதல் நாள் நேராக ஸ்விட்சைப் போட்டுவிட்டேன், மறுபடி உதறியது, நெஞ்சு பக்கென்றது. அப்புறம் யோசித்து நிறுத்தி, முனையில் நாசிலைக் கழற்றிவிட்டு, மோட்டாரைப் போடாமல் ட்ரிகரை மட்டும் அழுத்திப் பிடித்தேன். புது லைனில் இருந்த காற்றெல்லாம் பொசுக் பொசுக்கென்று வெளியே வந்தது. தண்ணீர் ஒரே நூலாக ஒழுக ஆரம்பித்த பிறகு நாசிலை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். அந்தக் கூழாங்கல் சத்தம் போயே போய்விட்டது. மதியம் இரண்டு மணிக்கு இருபது நிமிடம் தொடர்ந்து அடித்தேன், பீச்சு ஆடவில்லை. சீல் கிட் மாற்றவே இல்லை.

ஒன்று மட்டும். உள்வாய் மூட்டில் அந்தச் சொட்டு இன்னும் இருக்கிறது. இப்போது ஓடும்போதும் சொட்டுகிறது. அது பரவாயில்லையா?

நீர்ப்பாய்ச்சி

ஓடும்போதும் சொட்டுகிறது என்றால், உள்வாயில் இப்போது காற்றைவிட அதிக அழுத்தம் நிற்கிறது, மெஷின் உறிஞ்சவில்லை, தொட்டி தள்ளுகிறது என்று அர்த்தம். அந்தச் சொட்டைப் பார்த்து நான் சந்தோஷப்படுகிறேன் தம்பி. ஆனாலும் விடாதீர்கள், கனெக்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றுங்கள். என்றாவது ஃபில்டர் அடைத்தால் அதே இடுக்கு வழியாகக் காற்று நுழையும்.

இன்னும் ஒன்று. சித்திரை வருகிறது. கறுப்புத் தொட்டி கத்திரி வெயிலில் நின்றால் மதியத் தண்ணீர் கைவைக்க முடியாத சூட்டுக்குப் போகும். வீட்டு மெஷின்கள் பலவற்றில் உள்ளே வரும் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. சூடான தண்ணீர் சீக்கிரம் குமிழாகும், சீலும் இளகும். தொட்டிக்கு மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். கன்னை விட்டபிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கிற மாடல் என்றால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அப்படி விடாதீர்கள். ஒரே தண்ணீர் பம்புக்குள் சுற்றிச் சுற்றிச் சுடும்.

மாட்டின்மேல் அடிக்க வேண்டாம். தரை, சுவர், தீவனத் தொட்டி, அதோடு சரி. 130 பார் மடியில் பட்டால் தோல் கிழியும்.

கட்டுத்தரை

மாட்டுக்கு எப்போதும் பழைய பச்சை ஹோஸ்தான் அண்ணா. அதை வெட்டி, சப்பட்டையாகாத பகுதியை மாடு குளிப்பாட்ட எடுத்துவைத்திருக்கிறேன். ரப்பர் வாஷரை நாளைக்குத் தாராபுரம் ரோட்டில் வாங்கி மாற்றிவிடுகிறேன். கீற்று நாலு மட்டை முடைந்து வைத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை போடுகிறோம்.